மேவிப் பாய்ந்ததோ, அடியால் போனதோ

2005 ஓகஸ்ட் மாதக் கடைசியில், முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு என் பாட்டனார், எங்கள் அப்பு, கேட்ட ஒரு கேள்விக்கு, அமெரிக்க இராணுவத்தின் பொறியியலாளர் படையணி பதில் சொல்லி முடிக்க ஒன்பது மாதங்கள் சென்றன. அப்பு ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் பகுதிச் சிறுகுளம் ஒன்றுக்கு, குளத்தையும் நீர்ப்பாய்ச்சலையும் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானையாக இருந்தவர். கத்ரீனா என்னும் சூறாவளி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரைத் தாக்கியதாகவும், நகரைச் சுற்றியிருந்த கட்டுகள் உடைந்து அதன் பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விட்டதாகவும் அன்றிரவு வானொலி சொல்லிற்று. ஆழிப்பேரலைக்குத் தப்பிக் கள்ளப்பாட்டிலிருந்து வந்து எங்கள் வளவில் கொட்டில் போட்டிருந்த பெரியம்மா, "எவ்வளவு உயரத்துக்கு அடிச்சதாம்?" என்று கேட்டார். எட்டு மாதங்களுக்கு முன் கடல் எழுந்து வந்ததைக் கண்டவர் அதைத்தான் கேட்பார். அப்புவோ வெற்றிலைத் தட்டத்தை ஒருபுறம் தள்ளி வைத்துவிட்டு, "கட்டு மேவிப் பாஞ்சதோ, அடியால போனதோ?" என்றார்.

குளத்தின் கீழ் வயல் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குளக்கட்டு பெரும்பாலும் இரண்டு வழிகளில் உடைப்பெடுக்கும். வான் எனப்படும் மிகைநீர் வழியால் வெளியேறுவதை விட அதிகமாகத் தண்ணீர் வந்து சேர்ந்தால், அது கட்டின் உச்சியைக் கடந்து வெளிச்சரிவில் விழுந்து, விழுந்த இடத்தை அரித்து, அரித்த இடத்தைப் பிளந்துகொண்டு போகும். அது மேவிப் பாய்வது. மற்றது, தண்ணீர் உச்சிக்கு வெகு கீழே நிற்கும்போதே ஒரு நண்டு வளையையோ, உக்கிய வேரொன்று விட்டுச் சென்ற துவாரத்தையோ, அடியில் கிடக்கும் மணற்படை ஒன்றையோ பிடித்துக்கொண்டு, கலங்கல் நிறத்தில் மண்ணையும் கொண்டு வெளியே வந்து, கட்டை நின்ற நிலையில் இருத்திவிடுவது. மேவினால் அது வானத்தின் பிழை, அடியால் போனால் வட்டவிதானையின் பிழை என்பது அப்புவின் கணக்கு. ஆகவே அவர் கேட்டது நீரியல் பற்றிய கேள்வி மட்டுமன்று. பழி யாருடையது என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது.

நான் அப்போது உயர்தர வகுப்பில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டின் அத்திலாந்திக் சூறாவளிகளை ஒரு சீ.ஆர். கொப்பியில், பெயர், திகதி, இடம் என்று கோடு கிழித்து எழுதிவந்தேன். வீட்டில் மின்சாரம் இல்லை. பற்றரிகளை வெயிலில் காயவைத்து மீண்டும் போட்டால் வானொலி இன்னும் இரண்டு நாள் பேசும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. பெயர்கள் காதில் விழுந்தபடியே கொப்பியில் ஏறின. டெனிஸ் முதலில் "டென்னிசு" ஆகவும், வில்மா "வில்மர்" ஆகவும் இருந்ததாக நினைவு. ஜூலை முடிவதற்குள் ஒரு பக்கம் நிரம்பியபோது, இது வழமையான ஆண்டு அல்ல என்று எனக்கே விளங்கத் தொடங்கிற்று.

அத்திலாந்திக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்று கணக்கிடுவார்கள், உச்சம் செப்டெம்பரில். எங்கள் வங்காள விரிகுடாவின் ஒழுங்கு வேறு. இங்கே தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில், கீழ்வளியில் காற்று ஒரு பக்கமும் மேல்வளியில் எதிர்ப்பக்கமும் பலமாக ஓடுவதால், எழுகின்ற முகில் கோபுரம் நிமிர்ந்து நிற்க முடியாமல் சாய்க்கப்பட்டுவிடும். அதனால் சூறாவளிகள் அந்தப் பருவத்துக்கு முன்னரும் பின்னரும், சிறப்பாக ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வருகின்றன. அத்திலாந்திக்கில் அந்த இடைமறிப்பு இல்லாத ஆண்டுகளில், ஆபிரிக்காவிலிருந்து மேற்கே நகரும் வளியலைகள் கோடை முழுவதும் ஒன்றன் பின் ஒன்றாகச் சூறாவளிகளாகத் திரளலாம். 2005 இல் கடல்மேற்பரப்பு வழமையை விட வெப்பமாக இருந்தது, மேல்வளியின் குறுக்கீடும் குறைவாக இருந்தது. அடுப்பும் எரிந்தது, மூடியும் திறந்திருந்தது என்று நான் அப்புவுக்குச் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காற்றின் வேகத்தை வைத்து அங்கே சூறாவளிகளை ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்துவார்கள். ஜூலையிலேயே டெனிஸ் நான்காம் வகைச் சூறாவளியாகக் கியூபாவை அடித்தது. அதன் பின்னால் வந்த எமிலி ஐந்தாம் வகையை எட்டியது. ஜூலை மாதத்தில் அவ்வளவு பலம் பெற்ற சூறாவளி அதற்கு முன் அத்திலாந்திக்கில் பதிவாகியிருக்கவில்லை. முந்திய செப்டெம்பரில் ஐவன் என்ற சூறாவளி கிரெனடாத் தீவின் வீடுகளில் பெரும்பாலானவற்றைக் குலைத்துப் போட்டிருக்க, பத்து மாதங்களில், இன்னும் கூரை போட்டு முடியாத அதே தீவின் மேலால் எமிலி போயிற்று. இந்தச் செய்தி பெரியம்மாவை மற்ற எதையும் விட அதிகம் தொட்டது. எங்கள் வளவுத் தறப்பாளின் ஒரு மூலை அன்றும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

கத்ரீனாவுக்கு வருகிறேன். ஓகஸ்ட் 23 அன்று பகாமாத் தீவுகளுக்கு அருகே தாழமுக்கமாக உருவாகி, 25 ஆம் திகதி தென் புளோரிடாவை முதலாம் வகையாகக் கடந்து, மெக்சிக்கோ வளைகுடாவுக்குள் இறங்கியது. அந்த வளைகுடாவுக்குள் கரிபியனிலிருந்து ஒரு வெந்நீரோட்டம் சுற்றி வருகிறது. அதன் வெப்பம் மேற்பரப்போடு நின்றுவிடாமல் ஆழத்துக்கும் இறங்கியிருப்பதால், காற்று கடலைக் கலக்கினாலும் அடியிலிருந்து குளிர்நீர் மேலே வந்து சூறாவளியைத் தணிப்பதில்லை. 28 ஆம் திகதி கத்ரீனாவின் காற்று மணிக்கு 280 கிலோமீற்றர் வேகத்தையும், மையத்தின் அமுக்கம் 902 மில்லிபாரையும் எட்டின. மறுநாள் காலை லூசியானாவில் கரையேறும்போது அது மூன்றாம் வகையாகத் தணிந்திருந்தது. காற்று தணிந்ததே தவிர, முந்திய நாள் அது குவித்துத் தள்ளத் தொடங்கிய கடல் தணியவில்லை. மிசிசிப்பி மாநிலக் கரையோரத்தில் கடல் ஏறத்தாழ எட்டரை மீற்றர் உயர்ந்து உள்ளே போயிற்று. பெரியம்மாவின் கேள்விக்கு உரிய பதில் அது. நியூ ஓர்லியன்சின் கதை அதுவன்று.

நியூ ஓர்லியன்சைத் தமிழ் வாசகருக்குச் சொல்வதானால், குளத்துக்கு உள்ளே வயலும் வெளியே தண்ணீரும் இருக்கும் தலைகீழான ஏற்பாடு என்று சொல்லலாம். நகரின் ஏறத்தாழ அரைவாசி கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வடக்கே பொன்சாட்ரெயின் என்னும் பெரிய ஏரி, நடுவே மிசிசிப்பி ஆறு. நகருக்குள் விழும் மழைநீரை இறைத்து ஏரிக்குள் தள்ளுவதற்காக வெட்டிய வாய்க்கால்கள் நகருக்கு ஊடாகவே ஓடுகின்றன. அவற்றின் இரு கரையிலும் மண்கட்டும், கட்டின் மேல் கொங்கிறீற்றுச் சுவரும். வடிவதற்கு வெட்டிய வாய்க்கால் வழியாகவே ஏரி திரும்பி நகருக்குள் வந்தது என்பதுதான் அந்தக் காலையின் கொடுமை. ஐம்பதளவு இடங்களில் கட்டுகள் உடைந்தன. நகரின் எண்பது வீதம் தண்ணீருக்குள் நின்றது. அந்தத் தண்ணீரை இறைத்து முடிக்க ஒக்டோபர் ஆகிவிட்டது. இறந்தவர் தொகை நீண்ட காலம் 1,833 என்று சொல்லப்பட்டு, 2023 இல் அமெரிக்கத் தேசிய சூறாவளி மையத்தால் 1,392 எனத் திருத்தப்பட்டது.

அப்புவின் கேள்விக்கு உரிய பதில், தொடக்கத்தில் சொன்ன பொறியியலாளர் படையணி 2006 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. பதில் "இரண்டும்" என்பதாகும். நகரின் கிழக்குப் பக்கத்தில், கைத்தொழிற் கால்வாய் என்று அழைக்கப்படும் பெரிய கால்வாயின் சுவரைத் தண்ணீர் மேவிப் பாய்ந்து, சுவருக்குப் பின்னால் இருந்த மண்ணைக் குழியாக அரித்து, பிடிமானம் இல்லாமற் போன சுவரைச் சாய்த்தது. அதன் கீழே கிடந்த குடியிருப்பின் வீடுகள் அத்திவாரத்தை விட்டுக் கிளம்பிப் போயின. ஆனால் பதினேழாம் தெரு வாய்க்காலில் நடந்தது வேறு. அங்கே தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை. தண்ணீரின் தள்ளுதலில் சுவர் ஒரு மயிரிழை சாய, சுவருக்கும் வாய்க்கால் பக்கத்து மண்ணுக்கும் இடையில் ஒரு வெடிப்பு விழுந்து, அதற்குள் தண்ணீர் இறங்கி, கீழே கிடந்த மென்களிமண் படையோடு கட்டு முழுவதையும் பக்கவாட்டில் நகர்த்திவிட்டது. இலண்டன் அவெனியூ வாய்க்காலில் அடியில் கிடந்தது மணல். அங்கே ஊற்றெடுத்துப் போயிற்று. சுவருக்குக் கீழே அறையப்பட்ட உருக்குத் தகடுகள் போதிய ஆழத்துக்கு இறக்கப்பட்டிருக்கவில்லை. வடிவமைப்பில் தவறு இருந்தது என்று, அந்தச் சுவர்களுக்குப் பொறுப்பான அந்தப் படையணி தானே ஒப்புக்கொண்டது.

அதாவது, நகரின் மையப்பகுதியை மூழ்கடித்த தண்ணீரில் பெரும்பங்கு, தாங்கும் என்று சொல்லிக் கட்டிய உயரத்துக்கு வரும் முன்னரே உள்ளே வந்த தண்ணீர். இதனால்தான் நியூ ஓர்லியன்சை "ஐந்தாம் வகைச் சூறாவளி அழித்த நகரம்" என்று யாராவது எழுதக் கண்டால் எனக்குச் சினம் வரும். கரையேறியது மூன்றாம் வகை. அதன் பலத்த பக்கமும் நகருக்குக் கிழக்கேதான் போயிற்று.

2006 ஜூனில் இந்த அறிக்கை எங்களிடம் வந்து சேர வழி இருக்கவில்லை. ஓகஸ்டில் போர் மீண்டும் மூண்டு, வன்னியைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டது. பிறகு வானொலியில் கேட்க எங்கள் சொந்தச் செய்திகளே போதியளவு இருந்தன. நான் அதை வாசித்தது வெகு காலம் கழித்து, வவுனியாவில் ஓர் இணைய நிலையத்தில், மணித்தியாலத்துக்குக் காசு கட்டி. அப்பு 2007 இலேயே போய்விட்டார்.

மற்றச் சூறாவளிகளுக்குத் திரும்புகிறேன், அவற்றில் இரண்டு அதே கோணத்தில் நோக்கத்தக்கவை. செப்டெம்பர் பிற்பகுதியில் வந்த ரீட்டா, கத்ரீனாவை விடவும் தாழ்ந்த அமுக்கத்தை, 895 மில்லிபாரை, கடலில் எட்டியது. நியூ ஓர்லியன்சின் படங்கள் கண்ணில் நிற்க, ஹூஸ்டன் பகுதியிலிருந்து இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒரே நேரத்தில் வாகனங்களில் கிளம்பினார்கள். நெடுஞ்சாலைகள் அசையாமல் நின்றன, எரிபொருள் தீர்ந்தது, வெக்கை கொளுத்தியது. முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த பேருந்து டல்லஸ் நகருக்கு அருகே தீப்பற்றி 23 பேர் இறந்தார்கள். ஈற்றில் ரீட்டா கிழக்கே விலகி ரெக்சஸ், லூசியானா எல்லையில் கரையேற, சூறாவளியில் நேரடியாக இறந்தவர்களை விட இடம்பெயர்ந்து ஓடியதில் இறந்தவர்களே பலமடங்காக இருந்தார்கள். 1995 இல் போரால் ஒரே இரவில் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து கிளம்பி, ஒரு பாலத்தைக் கடக்க விடியும் வரை நின்றவர்கள் எங்கள் ஊரில் பலர் இருந்தார்கள். ரீட்டாவின் செய்தி அவர்களுக்குப் புதினமாக இருக்கவில்லை.

மற்றது ஸ்டான். காற்றின் கணக்கில் இது மிகச் சாதாரணமானது: முதலாம் வகை, மெக்சிக்கோவின் வெராக்குரூஸ் கரையில் ஒக்டோபர் 4 அன்று ஏறி மறுநாளே கலைந்துபோயிற்று. ஆனால் அதனோடு சேர்ந்து மத்திய அமெரிக்கா முழுவதும் நாள்கணக்கில் மழை கொட்டியது. குவாத்தமாலாவில், அத்தித்லான் ஏரிக்கரையில் எரிமலைச் சரிவின் அடியில் இருந்த பனபாஜ் என்னும் மாயன் பழங்குடிக் கிராமத்தின் மேல் மலை சேறாக இறங்கிற்று. தோண்டுவதை நிறுத்தி, அந்த இடத்தையே புதைகுழியாக அறிவித்தார்கள். அப்பகுதி நாடுகளில் அந்த மழைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியாகினர். அந்த மழையில் எவ்வளவு ஸ்டானுடையது, எவ்வளவு அதைச் சூழ்ந்திருந்த பெருந்தாழமுக்கத்தினுடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதால் உத்தியோகபூர்வக் கணக்கில் ஸ்டானின் பெயரில் ஏறியவர்கள் அவர்களில் ஒரு சிறு பங்கினரே. எந்தக் காற்றின் பெயரில் எழுதினால் என்ன என்று பனபாஜில் மிஞ்சியவர்கள் கேட்டிருப்பார்கள்.

வில்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வானிலை ஆர்வலர்கள் மன்னிக்கமாட்டார்கள். ஒக்டோபர் 18 ஆம் திகதி தொடங்கும்போது அது இன்னும் முழுச் சூறாவளியாகவும் இல்லை. 24 மணித்தியாலத்துக்குள் அமுக்கம் நூறு மில்லிபாரளவு சரிந்து, 19 ஆம் திகதி காலை 882 மில்லிபாரில் நின்றது. அத்திலாந்திக்கில் பதிவான மிகத் தாழ்ந்த அமுக்கம் அதுவே. அதற்குள் பறந்துபோன விமானம் கண்ட "கண்" ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் குறுக்களவுதான்: காற்றில்லாத நாளொன்றில் சைக்கிளில் கால் மணித்தியாலத்தில் கடந்துவிடக்கூடிய அமைதி, அதைச் சுற்றி 295 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சுவர். அதன் பிறகு வில்மா மெக்சிக்கோவின் கான்கூன் பகுதியின் மேல் ஒரு நாளுக்கு மேலாக நகராமல் நின்று பெய்தது. அருகிலிருந்த முகேரெஸ் தீவில் 24 மணித்தியாலத்தில் 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவாயிற்று. வன்னியில் ஒரு முழு ஆண்டில் விழுவதை விட அதிகம். என் கொப்பியில் இந்தத் தகவல் இருக்கவில்லை, பின்னர் அறிந்தது; அப்பு இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

வில்மாவோடு பெயர்ப்பட்டியல் தீர்ந்துபோயிற்று. ஆங்கில எழுத்துகளில் ஐந்தை விட்டுவிட்டு, ஆண்டுக்கு 21 பெயர்களாக ஆறு பட்டியல்கள் அங்கே சுழற்சியில் இருக்கின்றன. பட்டியல் முடிந்தது அதுவே முதல் தடவை. ஆகவே அல்பா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்துகளுக்குப் போனார்கள். கணித பாடத்தில் கண்ட எழுத்துகள் சூறாவளியாக வந்ததில் எங்கள் வகுப்பு சிரித்தது. அதற்கிடையில் வின்ஸ் என்ற ஒன்று வழிதவறியதுபோல் ஸ்பெயினில் போய்க் கரையேறியது. டெல்டா கனேரித் தீவுகளைத் தாக்கி, "கடவுளின் விரல்" என்று அவர்கள் போற்றிய கடற்பாறை ஒன்றை முறித்துப் போட்டது. எப்சிலன் டிசம்பரில், கலையும் கலையும் என்று முன்னறிவிப்பாளர்கள் சொல்லச் சொல்லக் கலையாமல் நின்றது. ஸீட்டா டிசம்பர் 30 அன்று பிறந்து, 2006 ஜனவரி 6 வரை இருந்து, என் கொப்பியின் ஆண்டுத் தலைப்பையே பிழையாக்கியது. ஒரே பருவத்தில் அதிக எண்ணிக்கை என்ற 1933 ஆம் ஆண்டின் சாதனை ஏற்கெனவே எப்போதோ உடைந்திருந்தது.

நான் பெயர்களைக் கூட்டியபோது 27 வந்தது. உத்தியோகபூர்வ எண்ணிக்கை 28. அவற்றில் 15 முழுச் சூறாவளிகள். விடுபட்ட ஒன்று, ஒக்டோபர் தொடக்கத்தில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே சிறிது காலமே இருந்துபோனது. பருவம் முடிந்த பின் பழைய செய்மதிப் படங்களைத் திரும்பப் பார்த்தபோதுதான் அதுவும் ஒரு புயல் என்று கண்டார்கள். அதற்குப் பெயர் வைக்கப்படவில்லை. டெனிஸ், கத்ரீனா, ரீட்டா, ஸ்டான், வில்மா ஆகிய ஐந்து பெயர்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இனி எந்தச் சூறாவளிக்கும் அவை சூட்டப்படமாட்டா. அதே பட்டியலில் 2005 இல் யாரும் கவனிக்காமல் கடலோடு போன ஹார்வி என்ற பெயர், 2017 இல் திரும்பி வந்து ஹூஸ்டனை மூழ்கடித்த பிறகே ஓய்வு பெற்றது. 2020 இல் 30 பெயர்கள் தேவைப்பட்டு 2005 இன் சாதனையும் போயிற்று. அடுத்த ஆண்டு கிரேக்க எழுத்துகளையும் கைவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துச் சூறாவளிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004 இல்தான் தொடங்கிற்று. 1964 டிசம்பர் 22 அன்று இந்த வன்னியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்து, மன்னாரைத் தாண்டி, அன்றிரவு தனுஷ்கோடியைக் கடலுக்குள் கொண்டுபோனதற்குப் பெயர் இல்லை. எங்களுக்கு அது "அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல்". அப்புவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. பனைகள் முறியாமல், துணி பிழிந்ததுபோல் முறுகி நின்றதை அவர் சொல்வார். ஆனால் அதைவிட விரிவாகச் சொல்வது, காற்று நின்ற பிறகு மூன்று பேர் அரிக்கன் லாம்போடு கட்டின் வெளிப்பக்க அடியால் நடந்து, ஈரம் தெரிந்த இடங்களில் வைக்கலும் மண்மூடையும் அடைந்த கதையைத்தான். மற்ற இருவரின் பெயர்களையும் அவர் ஒருபோதும் விட்டுவிட்டுச் சொன்னதில்லை.

சீ.ஆர். கொப்பி 2009 இடப்பெயர்வில் எந்த இடத்தில் விடுபட்டது என்று எனக்குத் தெரியாது. இங்கே எழுதியிருக்கும் பட்டியல் நினைவிலிருந்தும் பின்னர் வாசித்ததிலிருந்தும் திரும்பக் கட்டியது.

2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு, புரெவி என்னும் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிக்கொண்டிருந்தபோது, நான் வவுனியாவிலிருந்து அப்பாவுக்கு எடுத்தேன். இணைப்பு இரண்டு தடவை அறுந்து மூன்றாம் தடவை கிடைத்தது. காற்று எப்படி என்று கேட்டேன்.

"காத்துக் கிடக்கட்டும் தம்பி. வான் நாலு விரல் பாயுது. வெளிப்பக்கம் ரோச் அடிச்சுப் பாத்திட்டுத்தான் வாறன், ஈரமில்லை. விடியமுன்னம் இன்னொருக்காப் போகவேணும்," என்றார்.